ரிவெட் கோணலா உட்கார்ந்தா எடுக்கணுமா, விடணுமா? (ஆர்வி-7, வால் கிட்)

சில்வர்க்ளீகோ | 2024 பிப்ரவரி 11

ஆர்வி-7 (வேன்ஸ் கம்பெனி கிட்டை வாங்கி நாமளே கட்டற சின்ன விமானம்) வால் கிட். செங்குத்து வாலின் பின் ஸ்பார் (வாலைத் தாங்கற நீளச் சட்டம்), ஏடி4 ரிவெட் (1/8 அங்குல அலுமினிய ரிவெட்). முடிச்சதுல ஏழு ரிவெட்டுக்குப் பின்தலை (அடிச்சு நசுக்கற பக்கம்) ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு. ரெண்டுல முன்தலை (ரிவெட்டோட கூடவே வர்ற தலை) மேல பிறை மாதிரி வெட்டு. இந்த ஏழு போக வேற ரெண்டை ட்ரில் பண்ணி எடுத்தேன், அதுல ஒரு ஓட்டை எட்டு வடிவத்துக்குப் போயிடுச்சு. கோணல் ரிவெட்னா பலமில்லாத ரிவெட்தானே? மிச்சம் ஏழையும் எடுத்துடலாம்னு இருக்கேன்.

பழையகன் | 2024 பிப்ரவரி 11

ட்ரில்லைக் கீழ வைங்க முதல்ல.

ஒரு ஏடி4 ரிவெட் வெட்டு விசையில 388 பவுண்டு தாங்கும், கிட்டத்தட்ட 176 கிலோ. ஏடி3 (3/32 அங்குலம்) 217 பவுண்டு. தாங்கறது நடுத்தண்டு. பின்தலை தகடுகளைப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். தலை சாய்ஞ்சிருந்தாலும் ஓட்டையை முழுசா மூடியிருந்து, தண்டு ஓட்டையை நிரப்பியிருந்தா அந்த ரிவெட் வேலை செய்யுது. பார்க்கத்தான் சகிக்காது. நீங்க எட்டு வடிவம் ஆக்கின ஓட்டை இருக்கே, அது பார்க்க அசிங்கம் மட்டுமில்ல, நிஜமாவே பலக்குறைவு. கோணலை எடுக்கப்போய் குறையை உண்டாக்கிட்டீங்க.

கட்டாயம் எடுக்கவேண்டியது மூணு வகைதான்:

ரெண்டு தகட்டுக்கு நடுவுல இடைவெளி இருந்து, ரிவெட் அந்த இடைவெளிக்குள்ளயே உப்பியிருந்தா. இது எல்லாத்துலயும் மோசம். மேல எத்தனை அடி அடிச்சாலும் தகடு ஒட்டாது.

பின்தலையிலயோ சுத்தியிருக்கற தகட்டுலயோ விரிசல் இருந்தா.

முன்தலை தகட்டுல படியாம நின்னா. 0.002 அங்குல ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கற மெல்லிய பட்டை) தலைக்கடியில தண்டுவரைக்கும் போச்சுன்னா எடுங்க. ஒரு பக்கம் ஓரத்துல மட்டும் நுழைஞ்சா விடுங்க.

பின்தலை குறைவா நசுங்கியிருந்தா அதை எடுக்கவே வேணாம். இன்னும் ரெண்டு அடி போதும்.

பழையகன் | 2024 பிப்ரவரி 12

நேத்து அளவு சொல்லாம விட்டுட்டேன். பின்தலை அகலம் ரிவெட் விட்டத்துல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. ஏடி4-க்கு அகலம் 0.1875 அங்குலம், உயரம் 0.0625. ஏடி3-க்கு 0.141, 0.047.

இதுக்குக் காசு கொடுத்து கேஜ் வாங்கவேணாம். 0.063 தகட்டுத் துண்டுல 3/16 ஓட்டை போட்டு ஏடி4 பின்தலை மேல கவிழ்த்துங்க. ஓட்டை நிரம்பி, தலையும் தகடும் ஒரே மட்டத்துல இருந்தா சரி. ஏடி3-க்கு 0.050 தகடு, 9/64 ஓட்டை. விரலை மேல தேய்ச்சாலே போதும், மேடா பள்ளமான்னு நகம் சொல்லிடும். கொஞ்சம் அதிகமா நசுங்கினது பரவாயில்ல. குறைவா நசுங்கினதுதான் கூடாது.

சில்வர்க்ளீகோ | 2024 பிப்ரவரி 12

சரி அண்ணா. நடுவுல உப்பியிருக்கறது வெளியில இருந்து எப்படித் தெரியும்?

பழையகன் | 2024 பிப்ரவரி 12

தகட்டு ஓரத்தை டார்ச் வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க. ரிவெட்டுக்கு ரெண்டு பக்கமும் கீற்றா வெளிச்சம் தெரிஞ்சா நடுவுல உப்பல்தான். ஓரம் கண்ணுக்கு எட்டலைன்னா தோல் மேல நேர்ப்பட்டையை வைங்க, அந்த இடத்துல சின்ன மேடு தெரியும். காரணம் நூத்துக்குத் தொண்ணூறு தடவை ட்ரில் தூள்தான். ஒட்டின தகட்டை ட்ரில் பண்ணினா பிரிச்சு, பிசிறு எடுத்து, துடைச்சுட்டுத்தான் திரும்ப சேர்க்கணும். அப்புறம் ரிவெட் போடற ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் க்ளீகோ (தகடுகளைத் தற்காலிகமா சேர்த்துப் பிடிக்கற ஸ்பிரிங் பின்) இருக்கணும். நாலு ஓட்டைக்கு ஒரு க்ளீகோன்னு சிக்கனம் பார்க்கற இடம் இது இல்ல.

பழையகன் | 2024 பிப்ரவரி 13

எடுத்தே ஆகணும்னா எடுக்கற முறை:

ஏடி ரிவெட்டோட முன்தலை நடுவுல சின்னக் குழி இருக்கும். 2117 அலாய்ங்கறதுக்கு அடையாளம் அது, உங்களுக்கு இலவச சென்டர் பஞ்சும் அதுதான். தட்டைத் தலை ரிவெட்லயும் உண்டு, உத்துப் பாருங்க. அதுல 40-ஆம் நம்பர் பிட்டை வச்சு தலையோட தடிமன் அளவுக்கு மட்டும் இறக்குங்க. தகட்டைத் தொடக்கூடாது. பிறகு அந்த ஓட்டைக்குள்ள பின் பஞ்சை நுழைச்சு லேசா சாய்ச்சா தலை டொக்குன்னு தெறிச்சிடும். பின்பக்கம், பின்தலை உள்ள போற அளவு ஓட்டை போட்ட மரக்கட்டையையோ பாரையோ (உலோகக் கட்டி) முட்டுக்கொடுத்து, 3 அவுன்ஸ், 4 அவுன்ஸ் மாதிரி சின்னச் சுத்தியால பஞ்சைத் தட்டுங்க. முட்டு இல்லாம தட்டினா தகடு வளையும். வளைஞ்ச தகட்டுல அடுத்து போடற ரிவெட்டும் சாயும், நீங்க திரும்பவும் இங்க வந்து கேட்பீங்க.

மூணடிமுட்டு | 2024 பிப்ரவரி 13

ஏடி4-க்கு 30-ஆம் நம்பர் பிட் சார். 40 ஏடி3-க்கு. புதுசா வர்றவங்க குழம்பிடுவாங்க, திருத்திடுங்க.

பழையகன் | 2024 பிப்ரவரி 13

ஓட்டை போடும்போது நீங்க சொல்றது சரி: 30-ஆம் நம்பர், 0.1285 அங்குலம். எடுக்கும்போது தெரிஞ்சேதான் 40 சொன்னேன். பிட் நடுவைவிட்டு நகர்ந்தா, 0.098 பிட் ரிவெட்டுக்குள்ளயே நகரும், ஓட்டைச் சுவரைத் தொடாது. 30 நகர்ந்தா நேரா தகட்டைத் தின்னும், எட்டு வடிவம் அப்படித்தான் வருது. 40-ல ஆரம்பிச்சு, நடுவுல இருக்குன்னு உறுதியானா 30 போட்டு தலையை மெலிசாக்கலாம். நடுவுல இல்லைன்னா 40-ஓட நிறுத்தி பஞ்சால தெறிக்கவிடுங்க.

ஏடி3-யை எடுக்கறதுக்கும் இதே கணக்கு, ஒரு சைஸ் சின்ன பிட். ஆனா மேல மொட்டையா 40-னு எழுதினது என் தப்பு.

சில்வர்க்ளீகோ | 2024 பிப்ரவரி 14

எட்டு வடிவ ஓட்டைக்கு என்ன வழி? ஏடி5 (5/32 அங்குலம்) போடலாமா?

பழையகன் | 2024 பிப்ரவரி 14

முதல்ல விளிம்பு தூரம் அளங்க. ஓட்டையோட நடுவுல இருந்து தகட்டு ஓரம் வரைக்கும் குறைஞ்சது ரிவெட் விட்டத்துல ரெண்டு மடங்கு வேணும். ஏடி4-க்கு 1/4 அங்குலம், ஏடி5-க்கு 5/16. உங்க ஓட்டை ஒரு பக்கமா நகர்ந்திருக்கறதால புது நடுவுல இருந்துதான் அளக்கணும், பழைய நடுவுல இருந்து இல்ல. அதுல எல்லாரும் ஏமாறுவாங்க.

5/16 இருந்து, 21-ஆம் நம்பர் பிட் அந்த எட்டை முழுசா வட்டமாக்கிடும்னா ஏடி5 தாராளமா போடலாம். இல்லைன்னா அந்த ஓட்டையில சுமாரா ஒரு ரிவெட் போட்டுட்டு, பக்கத்துல சுத்தமான தகட்டுல புது ரிவெட் போடற வழியும் உண்டு. ரெண்டுக்கும் நடுவுல விட்டத்துல மூணு மடங்கு இடைவெளி இருக்கணும். ஆனா ஸ்பார்ல புது ஓட்டை போடறதுக்கு முன்னாடி கிட் கம்பெனிக்குப் படம் அனுப்பிக் கேளுங்க. இதை நான் முடிவு பண்ணக்கூடாது, நீங்களும் கூடாது.

தட்டைத் தலை ஏடி3 ஓட்டை பெருத்துப்போனா வழி இன்னும் சுலபம்: என்ஏஎஸ்1097ஏடி4. தண்டு 1/8, தலை மட்டும் ஏடி3 தலை அளவு. அதே டிம்பிள்ல (தட்டைத் தலை உட்கார தகட்டை அமுக்கின குழி) உட்காரும். இதுக்கு "ஊப்ஸ் ரிவெட்"னே பேர். கால் பவுண்டு வாங்கி வைங்க, கூச்சப்பட ஒண்ணுமில்ல.

பழையகன் | 2024 பிப்ரவரி 18

எடுக்கறதைப் பத்தியே பேசிட்டிருக்கோம். ஏன் சாயுதுன்னு யாரும் கேட்கலை.

ஒண்ணு, நீளம். தட்டைத் தலை ரிவெட்டுக்கு நீளம் தலையையும் சேர்த்து, உருண்டைத் தலைக்குத் தலைக்குக் கீழ இருந்து. கடைசி எண் அங்குலத்துல பதினாறில் ஒரு பங்கு கணக்கு. உதாரணம்: 0.032 அங்குலத் தோல் (வெளித்தகடு), 0.040 ரிப் (உள்சட்டம்), மொத்தம் 0.072. ஏடி3-க்கு ஒன்றரை விட்டம் 0.141. கூட்டினா 0.213. அதை 0.0625-ஆல வகுத்தா 3.4, அதனால ஏஎன்426ஏடி3-3.5 (தட்டைத் தலை ஏடி3, நீள எண் 3.5). ப்ளான்ல -4 போட்டிருந்தாலும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்க, ப்ளானும் மனுஷன் எழுதினதுதான். நீளம் கூடின ரிவெட்தான் சாயும்.

ரெண்டு, பார், அதாவது அடிக்கும்போது பின்தலைப் பக்கம் முட்டுக்கொடுக்கற உலோகக் கட்டி. எடை குறைஞ்ச பாரை வச்சு ரிவெட் கன்னோட (காத்துல அடிக்கற சுத்தி) அழுத்தத்தைக் கூட்டினா பார் துள்ளும், துள்ளினா சாயும். டங்ஸ்டன் விலைதான், ஆனா சின்ன அளவுலயே எடை கிடைக்கும், ரிப் நடுவுல கை நுழையற இடத்துல அதுதான் கை கொடுக்கும்.

மூணு, காத்து அழுத்தம். 3எக்ஸ் கன்னுக்கு ஏடி3-னா 25 பிஎஸ்ஐ பக்கம், ஏடி4-னா 40 பக்கம். கன்னோட வால்ல மாட்டின ரெகுலேட்டர்ல காட்டற அளவைச் சொல்றேன், கம்ப்ரசர்ல காட்டறதை இல்ல. பயந்துகிட்டு 15-ல வச்சு பத்து விநாடி தட்டினா ரிவெட் அடிபட்டு அடிபட்டு இறுகிப்போகும், நசுங்காது, கடைசியில வெடிக்கும். ரெண்டு விநாடியில முடியணும்.

அந்தப் பிறை வெட்டு கன் நுனி வழுக்கினதால வந்தது. கப்புக்குள்ள ஒரு சுத்து டேப் ஒட்டுங்க, கன்னை உடம்போட சாய்ச்சுப் பிடிங்க, அடி நின்னப்புறம்தான் எடுக்கணும். வெட்டு தலையோட நின்னா விடுங்க. தகட்டுல இறங்கியிருந்தா கவனிக்கணும்: அல்க்ளாட் தகட்டுல (2024-ங்கற அலாய் மேல சுத்த அலுமினியம் பூசினது) மேல இருக்கற சுத்த அலுமினியம் பக்கத்துக்குத் தடிமன்ல அஞ்சு சதவீதம்தான். 0.032-ல 0.0016 அங்குலம். நகம் மாட்டற கீறல்னா அதைத் தாண்டியாச்சு. நைஸ் எமரியால வழவழப்பாக்கி ப்ரைமர் (அரிப்பைத் தடுக்கற அடிப்பூச்சு) வச்சிடுங்க.

மூணடிமுட்டு | 2024 பிப்ரவரி 18

ப்ரைமர்னு சொன்னீங்க. உள்பக்கம் முழுக்க அடிக்கணுமா?

பழையகன் | 2024 பிப்ரவரி 18

இந்தச் சண்டைக்கு நான் வரலை. கடல் பக்கத்துல நிறுத்தினா அடிங்க, காஞ்ச ஊர்ல ஹாங்கர்ல நிறுத்தினா தகடு தகட்டைத் தொடற இடத்துக்கு மட்டும் அடிங்க, வால் பக்கம் எடை ஏறறதையும் நினைச்சுக்குங்க. அடுத்த கேள்வி.

சில்வர்க்ளீகோ | 2024 மார்ச் 30

ரடர் (செங்குத்து வால்ல அசையற பின்பகுதி) தோல்ல டிம்பிள் பண்றேன். ரெண்டு டிம்பிளைச் சுத்தி மெலிசா கோடு. கீறலா விரிசலா?

பழையகன் | 2024 மார்ச் 31

பத்து மடங்கு லென்ஸ்ல பாருங்க. வட்டமா டிம்பிளைச் சுத்தி ஓடினா டையோட (டிம்பிளை அமுக்கற அச்சுக்கருவி) தடம். ஓட்டை விளிம்புல ஆரம்பிச்சு வெளிய போனா விரிசல்.

விரிசல் வர்றது பிசிறாலதான். பிசிறோட டிம்பிள் பண்ணினா உலோகம் இழுபடற இடத்துல அது வெட்டு மாதிரி நிக்கும், அங்கிருந்து கிழியும். அதுக்காக டீபர் (பிசிறு எடுக்கற) கருவியை நாலு சுத்து சுத்தினா 0.016 தகட்டுல ஓட்டை விளிம்பு கத்தி மாதிரி ஆயிடும், அதுவும் கிழியும். விரல்ல பிடிச்சு அழுத்தாம ஒரு சுத்து, மிஞ்சிப்போனா ரெண்டு.

2023-ல வேன்ஸ் கிட்கள்ல லேசர்ல வெட்டின பாகங்கள் பிரச்சினையானதும் இதே இடத்துலதான். லேசர் ஓட்டையைச் சுத்தி வெட்ட ஆரம்பிச்சு முடிக்கற புள்ளியில சின்ன வடு நின்னது, டிம்பிள் பண்ணும்போது சிலதுல அங்கிருந்து விரிசல். டை வச்சுக் குத்தின ஓட்டையில அந்த வடு இருக்காது. கம்பெனி மாற்றுப் பாகம் கொடுத்தது, அந்த வருஷம் டிசம்பர்ல சாப்டர் 11-க்கும் (அமெரிக்க திவால் பாதுகாப்பு) போச்சு. பழைய கிட்டை யார்கிட்டயாவது கைமாத்தி வாங்கறவங்க, பாகம் எந்தக் காலத்துல வெட்டினதுன்னு கேட்டுட்டு வாங்குங்க.

சில்வர்க்ளீகோ | 2024 மார்ச் 31

டை தடம்தான். மூச்சு வந்துச்சு.

பழையகன் | 2024 ஏப்ரல் 6

ரடர்னதும் ஞாபகம் வந்தது. பின்விளிம்பு ஆப்பை (ரெண்டு தோலுக்கும் நடுவுல வைக்கற ஆப்பு வடிவப் பட்டை) அப்படியே ரிவெட் பண்ணிடாதீங்க, அலையாயிடும். முதல்ல ஆப்புல ப்ரோசீல் (ரெண்டு பாகமா கலக்கற அடைப்புப் பசை) தடவி, நேரான அலுமினிய ஆங்கிள்ல எல்லா ஓட்டைக்கும் க்ளீகோ போட்டு, காயற வரைக்கும் விடுங்க. அப்புறம் பத்து ஓட்டைக்கு ஒண்ணா பாதி நசுக்குங்க, நடுவுல இருக்கறதை நிரப்புங்க, கடைசியா முழுசா. முழு நீளத்துக்கும் நூல் பிடிச்சா வளைவு பத்தில் ஒரு அங்குலத்துக்குள்ள இருக்கணும்.

டேங்க்கசிவு | 2024 செப்டம்பர் 21

இழையைக் கடத்தறேன், மன்னிக்கணும். இறக்கை டேங்க். கசிவு சோதனைக்கு பலூன் மாட்டினேன். ராத்திரி உப்பி இருந்தது, காலையில தொங்கிப்போச்சு. சோப்புத் தண்ணியில ஒரு குமிழிகூட இல்ல. 40 ரிவெட்டையும் எடுத்துட்டு பின்தகட்டைத் திறக்கணுமா?

பழையகன் | 2024 செப்டம்பர் 21

இங்க எல்லாருக்கும் எடுக்கறதுலதான் ஆசை.

ராத்திரிக்கும் காலைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்? மூடின டேங்க்ல 3 டிகிரி செல்சியஸ் குறைஞ்சாலே காத்தழுத்தம் நாலு அங்குலத் தண்ணி அளவுக்கு இறங்கும். 1 பிஎஸ்ஐ மொத்தமே கிட்டத்தட்ட 28 அங்குலம்தான். பலூன் சுருங்கினது குளிரால இருக்கலாம். பலூனோட சொந்த ரப்பரும் காத்தை விடும். மத்தியானம் அதே வெப்பநிலைக்கு வந்தப்புறம் பாருங்க.

பலூனுக்குப் பதிலா தெளிவான ட்யூபை யு வடிவத்துல வளைச்சு கலர் தண்ணி ஊத்தி மாட்டுங்க. எவ்வளவு இறங்கினதுன்னு நம்பராவே தெரியும். பலூன் வேற எதுக்கு நல்லதுன்னா, அழுத்தம் கூடினா டேங்க் வெடிக்கறதுக்கு முன்னாடி அது வெடிச்சிடும். கம்ப்ரசரை நேரா மாட்டவே மாட்டாதீங்க. 1 பிஎஸ்ஐ போதும்.

டேங்க்கசிவு | 2024 செப்டம்பர் 22

மத்தியானம் பாதி உப்பிருச்சு. முழுசா இல்ல.

பழையகன் | 2024 செப்டம்பர் 22

அப்போ குளிரும் உண்டு, கசிவும் உண்டு. முதல்ல மூடி, பிறகு ட்ரெயின் வால்வு, ஃபிட்டிங்குகள். சோதனையில மூடியே கசிஞ்சு ஆளை ஏமாத்தறது சகஜம், அது மேல டேப் ஒட்டிப் பாருங்க. அதெல்லாம் சரியா இருந்தா பின்தகடும் ரிப்பும் சேர்ற மூலை. உள்பக்க ரிப் மூலையில ரெண்டு தகட்டோட வளைவும் சந்திக்கற இடத்துல ஊசித்துளை அளவுக்கு இடைவெளி நிக்கும், அங்க கட்டியா வைக்கணும்.

வெளியில இருந்து ப்ரோசீல் பூசி அடைக்க முடியாது. உள்ளிருந்து அழுத்தம் வந்தா பேத்துக்கிட்டு வரும். சின்ன ஓட்டைன்னா டேங்க்குள்ள வேக்குவம் கிளீனரால லேசா உறிஞ்சிக்கிட்டு, வெளியில இருந்து பச்சை லாக்டைட் (இடுக்குல ஊடுருவற பசை) ஒரு சொட்டு வைக்கறவங்க இருக்காங்க. ரிவெட் தலையைச் சுத்திக் கசிஞ்சா அது வேலை செய்யும். மூலைன்னா ஆய்வு மூடியைத் திறந்து உள்ளதான் போகணும்.

பழைய காலத்துல உள்ள ஊத்திக் குலுக்கற ஸ்லாஷ் பூச்சு உண்டு. யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. வருஷம் போனா தோல் தோலா உரிஞ்சு எரிபொருள் வலையை அடைக்கும்.

பழையகன் | 2024 செப்டம்பர் 24

ப்ரோசீல் கலக்கறதைப் பத்தி ரெண்டு பேர் தனியா கேட்டாங்க, இங்கயே எழுதிடறேன். பத்துக்கு ஒண்ணு, எடைக் கணக்கு. அளவுக் கரண்டி கணக்கு இல்ல. 30 கிராம் வெள்ளைப் பசைக்கு 3 கிராம் கறுப்பு (இறுகவைக்கற பாகம்). 0.1 கிராம் காட்டற தராசு வேணும். வெள்ளைக் கோடு ஒண்ணுகூட இல்லாம ஒரே சாம்பல் நிறம் வரும்வரை கலக்குங்க. பி-2 வகைக்கு ரெண்டு மணிநேரம் வேலை நேரம், வெயில் நாள்ல அதுவும் குறையும். அதனால ஒரு தடவைக்கு 40 கிராமுக்கு மேல கலக்காதீங்க. பதம் அல்வா மாதிரி. ஆனா அல்வா கையை விட்டுடும், இது விடாது.

தகடு ரெண்டையும் ஸ்காட்ச்ப்ரைட்டால சொரசொரப்பாக்கி, எம்இகே-ல (எண்ணெய் போக்கற கரைப்பான்) துடைச்சு, துணியில அழுக்கு வராத வரைக்கும் துடைச்சுட்டு, அப்புறம் விரல் படக்கூடாது. கசியற டேங்க்ல பாதி, பூச்சு குறைவால இல்ல, விரல் எண்ணெயால.

எரிபொருள் பைப்பைப் பத்தியும் ஒரு வரி: ஃப்ளேர் (பைப் நுனியை விரிக்கற சரிவு) 37 டிகிரி. கார் கடையில கிடைக்கற கருவி 45 டிகிரி. மாத்திப் போட்டாலும் முறுக்கும்போது உட்கார்ற மாதிரியே தெரியும், ஓரத்துல மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கும், அப்புறம் அங்கயே விரியும். நட்டையும் ஸ்லீவையும் ஃப்ளேர் பண்றதுக்கு முன்னாடி பைப்ல மாட்டணும். சிரிக்காதீங்க, எல்லாரும் ஒருமுறை மறப்பாங்க.

டேங்க்கசிவு | 2024 அக்டோபர் 2

மூடியோட ஓ-ரிங். டேப் ஒட்டினதும் ட்யூப்ல தண்ணி நகரவே இல்ல. 40 ரிவெட் பிழைச்சது.

சில்வர்க்ளீகோ | 2025 ஜனவரி 19

ஆரம்பிச்ச கேள்விக்குப் பதில் எழுதாம விட்டிருந்தேன். ஏழுல அஞ்சு கேஜுக்கு சரியா வந்தது, விட்டாச்சு. ஒண்ணு குறைவா நசுங்கினது, ரெண்டு அடியில சரியாச்சு. ஒண்ணுல மட்டும் ஃபீலர் தண்டுவரைக்கும் போச்சு, 40 பிட் முறையில எடுத்தேன், ஓட்டை வட்டமாவே இருந்தது. எட்டு வடிவத்துக்குப் புது நடுவுல இருந்து 0.34 இருந்தது, கம்பெனியும் சரின்னு எழுதினாங்க, ஏடி5 போட்டாச்சு. இஏஏ (சொந்தமா விமானம் கட்டறவங்க சங்கம்) டெக்னிக்கல் கவுன்சிலர் வந்து பார்த்தார். சாய்ஞ்ச அஞ்சையும் கண்டுக்கவே இல்ல. ஏடி5-க்கு மட்டும் படம் எங்கன்னு கேட்டார்.

பழையகன் | 2025 ஜனவரி 19

எடுத்து வச்சிருந்தீங்களா? எஃப்ஏஏ (அமெரிக்க விமானத்துறை) ஆய்வுக்கும் அதுதான் கேட்பாங்க. பாதிக்கு மேல நீங்களே செஞ்சதுக்கு ஆதாரம் தேதியோட படமும் கட்டுமானப் பதிவும்தான். ரிப்பேரையும் பதிவுல எழுதுங்க: எந்த ஓட்டை, ஏன், என்ன ரிவெட், விளிம்பு தூரம் எவ்வளவு. பின்னாடி ரிப்பேர்மேன் சான்றிதழ் (கட்டின விமானத்தை நீங்களே வருஷாவருஷம் ஆய்வு பண்ண அனுமதி) கேட்கும்போதும் அதே பதிவுதான் பேசும்.

சில்வர்க்ளீகோ | 2025 ஜனவரி 19

அளவுகோலோட வச்சு எடுத்த படம் இருக்கு அண்ணா. கட்டைவிரலும் பாதி விழுந்திருக்கு.

பழையகன் | 2025 ஜனவரி 20

விரல் இருக்கறது நல்லதுதான். அழிச்சிடாதீங்க.